ஏட்டக்காவின் திருத்தங்கள்

அந்தக் கிளைச் சிறைக்குப் பொறுப்பேற்க நான் போன காலையில், வாசலில் வைத்து எனக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தார்கள். கொடுத்தவர் கஞ்சி போட்ட காக்கிச் சேலையில், ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய உயரமான ஒரு பெண். மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ரோஜா எல்லாம் ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

"அது அப்படி இல்ல மேடம். ரோசா ரெண்டுதான் இருக்கு. மிச்சமெல்லாம் அரளி" என்றார் அவர்.

கிண்டலோ கேலியோ அந்தக் குரலில் இல்லை. தராசில் எடை பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். பின்னால் நின்ற காவலர்கள் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அவர் எங்கள் முதல் தலைமைக் காவலர். கைதிகளுக்கு ஏட்டம்மா, காவலர்களுக்கு ஏட்டக்கா. பதவியில் அவருக்கு மேலே இருந்தாலும் ஒரே மாதத்தில் நானும் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் மட்டும் கடைசிவரை என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். "அக்கான்னு நீங்க கூப்பிடலாம், வயசு இருக்கு. நான் தங்கச்சின்னு கூப்பிட முடியாது, பதவி இருக்கு" என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் இடையில், வயல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டடம் அது. பெண்களுக்கு மட்டுமான சிறை. எந்த நாளிலும் முப்பது பேருக்குள்தான் இருப்பார்கள், எல்லோரும் விசாரணைக் கைதிகள். நாங்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எட்டாமவர் திருத்திக்கொண்டிருந்தார்.

"தண்ணியே வரலக்கா" என்று ஒரு காவலர் சொன்னால், "அது அப்படி இல்லட்டி. வருது, நூலு மாதிரி வருது. நீ குடத்தை வச்சுட்டு நிக்காமப் போயிட்ட" என்பார். "எல்லாரும் சாப்பிட்டாச்சு" என்றால், "எல்லாரும்னா? எத்தன பேரு?" என்று கேட்டுவிட்டு அவரே போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்று குறையும். அந்த ஒருத்தி காய்ச்சலில் சுருண்டு படுத்திருப்பாள். அதனால் அவரை முழுக்கத் திட்டவும் யாருக்கும் வழியில்லை.

ஒருமுறை அச்சன்புதூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மீசை, நல்ல மனிதர். "இருபது வருஷம் எல்லையில இருந்தேன் மேடம்" என்று ஆரம்பித்தார்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "பதினேழு. அதுல எல்லையில ஆறு. மிச்சம் ஸ்டோர்ல."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். நான் கிளம்பும்வரை வேறு எதுவும் சொல்லவில்லை. முப்பது வருடங்களாக அந்த வீட்டில் இப்படித்தான் அமைதி நிலவுகிறது என்று எனக்குத் தோன்றியது.

சீசன் நேரத்தில் ஒரு நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டு நாலு பேர் குற்றாலம் போனோம். ஆட்டோக்காரர், "அருவியில தண்ணி கொட்டுதுக்கா" என்றார். "கொட்டுதான்னு அங்கன போயிச் சொல்லுதேன்" என்று ஏட்டக்கா வண்டியில் ஏறினார். போய்ப் பார்த்தால் பாறையோரமாக வெள்ளைக் கோடு மாதிரி கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில், "கொட்டல. வடியுது" என்பதை ஆட்டோக்காரர் ஒத்துக்கொள்ளும்வரை அவர் விடவில்லை. பழக்கடையில், "குத்தாலம் மலையில வெளஞ்ச மங்குஸ்தான்" என்று சொன்ன அண்ணாச்சி, ஐந்து நிமிடக் குறுக்கு விசாரணைக்குப் பிறகு, கூடை அன்று காலையில்தான் செங்கோட்டை தாண்டி மலையாளக் கரையிலிருந்து இறங்கியது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் ஏட்டக்கா அவரிடமே ஒரு கிலோ வாங்கினார். பழத்தின் மேல் அவருக்குக் குறையே இல்லை. சொன்ன சொல்லின் மேல்தான் குறை.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தக் கருவி வந்து சேர்ந்தது.

சிறை அலுவலர்களின் அன்றாட வேலையை எளிதாக்க ஏ.ஐ. கருவிகளைச் சோதனை முறையில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு டேப், கையடக்கக் கணினி, அனுப்பினார்கள். நடந்ததை வாயால் சொன்னால் போதும், அது முறையான அறிக்கையாக எழுதித் தரும். இங்கிலீஷில் வரும் கோர்ட் உத்தரவைத் தமிழில் சொல்லும். யாருக்கு எந்தத் தேதியில் வாய்தா, யாருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை என்று நினைவுபடுத்தும். எழுதியதைப் பொறுப்பு அதிகாரி படித்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் அறிக்கை மேலே போய்விடும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டு கிடந்த வேலை அது. ஏட்டக்கா அதைச் சண்டைக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

"காலைல ஆறு மூணுக்கு லாக்கப்பத் தொறந்தோம்."

டேப் இளைஞன் ஒருவனின் குரலில் படித்துக் காட்டியது. "காலை ஆறு மணிக்கு அறைகள் திறக்கப்பட்டன."

"அது அப்படி இல்ல தம்பி. ஆறு மூணுன்னு சொன்னேம்லா?"

"மன்னிக்கவும். திருத்திவிட்டேன். காலை ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு அறைகள் திறக்கப்பட்டன."

ஏட்டக்கா திரும்பி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீசு. நான் ஒண்ணு சொல்லி, மூஞ்சியத் தூக்காம, மன்னிப்பும் கேட்டு, உடனே திருத்துன மொத ஆளு இவன்தான்."

அன்றிலிருந்து அது 'தம்பி' ஆனது. எங்களுக்கும் விடுதலை கிடைத்தது. எங்களைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தை எல்லாம் அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். தம்பியும் சளைக்கவில்லை. பதினைந்தாம் தடவை திருத்தினாலும் முதல் தடவைபோலவே மன்னிப்புக் கேட்டான். எங்கள் அன்றாட அறிக்கை ஒரு பக்கத்திலிருந்து நாலு பக்கமாக வளர்ந்தது. அடுக்களைக்குப் பின்னால் காக்கா போட்டுவிட்டுப் போன எலும்பு, அது எந்தப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. மேலிடத்திலிருந்து, 'அறிக்கை சுருக்கமாக இருக்க வேண்டும்' என்று குறிப்பு வந்தது. டேப்பில் சுருக்கம் என்று ஒரு பொத்தான் இருப்பதை அவருக்குக் காட்டினேன்.

"சுருக்கம்னா என்ன மேடம்? எதை விடணும்னு முடிவு பண்ணுததுதான். அதை முடிவு பண்ணுதது யாரு? இவனா, நாமளா?"

"இவன்தான் பண்ணுவான் அக்கா, நாம பாத்துக்கிடலாம்."

"அப்பம் பாத்துக்கிடணும்" என்று மட்டும் சொன்னார்.

தம்பியால் நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் ஏட்டக்கா என்னை விடமாட்டார். செங்கல் சூளையில் வேலை பார்க்க ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், ஒரு அடிதடி வழக்கில் எங்களிடம் வந்திருந்தாள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எட்டு நாளாகச் சோற்றைத் தொட்டும் தொடாமலும் ஒதுக்கிவிட்டுக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உண்ணாவிரதமாக இருக்குமோ என்று எனக்குப் பயம். ஏட்டக்கா டேப்பை அவள் முன்னால் பிடித்தார். அவள் பேசினாள். டேப் சொன்னது: "நீரில் ஊறிய பழைய அரிசி வேண்டும் என்று கேட்கிறார்."

ஏட்டக்கா டேப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"அரிசி இல்ல தம்பி. சோறு. பழைய சோறு கேக்கா." உடனே அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏட்டி, நேத்து மிஞ்சுன சோத்தைத் தண்ணி ஊத்தி வச்சிருக்கியா, கொட்டிட்டியா? ரெண்டு வெங்காயம் எடு!"

அந்தப் பெண் சோற்று வட்டலைப் பார்த்ததும் அழுதாள். ஏட்டக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டேப்பிடம், "எட்டு நாளா எங்களுக்குப் புரியலன்னு சொல்லு தம்பி. மன்னிச்சிக்கிடச் சொல்லு. ஒங்கிட்ட இருந்துதான் இதைப் படிச்சிருக்கேன்" என்றார். தம்பி கடைசி வாக்கியத்தையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டான். அந்தப் பெண் குழம்பிப்போய் டேப்பைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது இல்லை.

திருவேங்கடம் ஊர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரப் பெண் ஒருத்தி எங்களிடம் இருந்தாள். வரப்புத் தகராறில் கொழுந்தன் தலையில் கல்லால் அடித்துவிட்டாள் என்று வழக்கு. அவன் பிழைத்துக்கொண்டான், வழக்கு அவளைப் பிழைக்க விடவில்லை. நாலு வயதில் ஒரு மகள். குழந்தையைத் தன்னோடு சிறையில் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தும் அவள் சம்மதிக்கவில்லை. தங்கை வீட்டில் விட்டிருந்தாள். அமைதியான பெண். செவ்வாய்க்கிழமை அவளுடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருவதாக இருந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஏட்டக்கா விடுப்பு. எனக்குத் தென்காசியில் ஒரு கல்யாண வரவேற்பு. ஆறு மணிக்கு ஆட்களை எண்ணி அறைகளில் விட்டுப் பூட்டும் நேரத்தில், நான் அலுவலக அறையில் பட்டுச்சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வெளியே ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன இளம் காவலர் ஒருத்தி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள போன்னேன் மேடம், போகல. கையப் புடிச்சேன், தட்டி விட்டா. எனக்கு மணிக்கட்டுல அடி."

"டேப்புல சொல்லிடு" என்றேன்.

சொன்னாள். தம்பி அழகாக எழுதித் தந்தான்: 'விசாரணைக் கைதி உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்து, பணியிலிருந்த காவலரின் மணிக்கட்டில் தாக்கிக் காயம் ஏற்படுத்தினார்.' அதற்குக் கீழே இன்னும் ஏதோ ஒரு வரி இருந்தது. நான் முதல் வரியை மட்டும் பார்த்தேன். முறையாக இருந்தது, முத்திரை குத்தினதுபோல இருந்தது. ஒப்புதலை அழுத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன். வரவேற்பில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலையில் மேலதிகாரி தொலைபேசியில் வந்தார். காவலரைத் தாக்கியவளைக் கிளைச் சிறையில் வைக்க முடியாது, போலீசில் புகார் கொடுத்து மத்திய சிறைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், கோர்ட்டுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றார். அதாவது செவ்வாய்க்கிழமை ஜாமீன் கிடைக்காது. புது வழக்கு ஒன்று சேரும். மகள் இருக்கும் ஊரிலிருந்து இன்னும் தூரமாகப் போவாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், ஏட்டக்கா வேலைக்கு வந்து டேப்பில் முந்தின நாள் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் வைத்துப் படிப்பது அவர் பழக்கம். விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"அது அப்படி இல்ல மேடம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீங்க நேத்து இங்க இல்லவே இல்லையே அக்கா. என்ன நடந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. இவனுக்கும் தெரியாது. கீழ பாத்தீங்களா?"

டேப்பை என் பக்கம் திருப்பினார். நான் படிக்காமல் விட்ட வரி அங்கே இருந்தது: 'கைதி உள்ளே செல்லாததற்கான காரணமும், காயம் ஏற்பட்ட விதமும் தெரிவிக்கப்படவில்லை. அனுப்பும் முன் சேர்க்க விரும்புகிறீர்களா?'

"தம்பி கேட்டிருக்கான் மேடம். நாமதான் பதில் சொல்லல" என்றார்.

அவர் எழுந்து இளம் காவலரைக் கூப்பிட்டார். "ஏட்டி, நேத்து அவ எங்கன நின்னா, நீ எங்கன நின்னன்னு காட்டு. வைய மாட்டேன், காட்டு."

மூவரும் லாக்கப் வாசலுக்குப் போனோம். அவள் காட்டியபடி ஏட்டக்கா தானே கைதியாக நின்று கதவுக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டார். என்னைக் காவலராக நிற்கச் சொன்னார். அறைகளிலிருந்து இருபத்து மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"இழுங்க மேடம். சும்மா இழுங்க, நான் ஒடைஞ்சு போகமாட்டேன்."

இழுத்தேன். அவர் கம்பியை விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். சட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். நான் தடுமாறிப் பின்னால் போக, என் கை போய்ப் பக்கத்துத் தாழ்ப்பாளில் இடித்தது. "அம்மா!" என்று கத்திவிட்டேன். உள்ளே யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஏட்டக்கா என் கையைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் இளம் காவலரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்தார். அதே இடம், அதே மாதிரிச் சிராய்ப்பு. அவளுடைய கையில் துரு படிந்த கோடு ஒன்று இன்னும் போகாமல் இருந்தது.

"மனுசி நகத்துல துரு இருக்காதுட்டி" என்றார் மெதுவாக.

இளம் காவலருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமாக்கா. தாழ்ப்பாள்லதான் இடிச்சுது. நான் 'அடி'ன்னுதான் சொன்னேன். அவ அடிச்சான்னு சொல்லல. அது அப்படி எழுதவும், சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. தம்பியும் பொய் சொல்லவில்லை. 'அடி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவனுக்குத் தெரிந்த முறையான வாக்கியத்தை அவன் செய்தான். அதில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஏட்டக்கா உள்ளே போய்த் திருவேங்கடத்துப் பெண் முன்னால் குனிந்து நின்றார். "நேத்து ஏன் உள்ள போகல?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எம்மவ கூப்ட்டா."

"எங்கன இருந்து?"

"வெளிய இருந்து. 'எம்மா'ன்னு ரெண்டு தடவ. அதுக்கப்புறம் சத்தமில்ல. இன்னொரு தடவ கூப்பிடுவாளோன்னு நின்னேன்."

வாசல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அவளுடைய தங்கை குழந்தையோடு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது மனு பார்க்கும் நேரம், அதாவது கைதிகளைச் சொந்தக்காரர்கள் பார்க்கும் நேரம், முடிந்திருந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விதிப்படி அது சரி. நேரம் ஐந்து ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திருத்தி அனுப்பினால், முதலில் அனுப்பியதை நான் படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏட்டக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். டேப்பை எடுத்து என் முன்னால் வைத்தார், அவ்வளவுதான்.

அன்று முற்பகல் முழுவதும் மூன்று பேரும் தம்பியும் உட்கார்ந்து எழுதினோம். 'மறுத்தார்' என்பது 'தயங்கினார்' ஆனது. அது போதாது என்று 'மகளின் குரலைக் கேட்டு நின்றார்' ஆனது. 'தாக்கினார்' போனது. 'தாழ்ப்பாளில் இடித்தது' வந்தது. தம்பி ஒன்பது முறை மன்னிப்புக் கேட்டான். பத்தாவது முறை ஏட்டக்கா, "போதும் தம்பி. இதுல ஒந்தப்பு கொஞ்சந்தான்" என்றார்.

மேலதிகாரி குதித்தார். "ஒரே சம்பவத்துக்கு ரெண்டு ரிப்போர்ட்டா? நீங்க அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு எனக்கு மெமோ கொடுத்தார். விளக்கம் எழுத உட்கார்ந்தேன். 'பணிச்சுமையின் காரணமாக' என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"அது அப்படி இல்ல மேடம். அன்னைக்கு ரெண்டே ரெண்டு ரிப்போர்ட்டுதான். நீங்க கல்யாணத்துக்குப் போக வெரசாக் கிளம்புனீங்க."

"கல்யாணத்தை எழுதணுமா அக்கா?" என்றேன், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

அவர் மனசுக்குள் நடந்த போராட்டம் முகத்தில் தெரிந்தது.

"படிக்காம ஒப்புதல் குடுத்தேன்னு எழுதுங்க. ஏன் படிக்கலன்னு கேட்டா, அப்பம் கல்யாணத்தைச் சொல்லுவோம்."

அவர்கள் கேட்கவில்லை. எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த எச்சரிக்கை என் பணிப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. இப்போது நான் வேறு மாவட்டத்தில் வேறு சிறையில் இருக்கிறேன். எங்களிடமும் அதே மாதிரிக் கருவிதான். கீழே வரும் கேள்விகளை முதலில் படித்துவிட்டுத்தான் மேலே உள்ளதைப் படிக்கிறேன். ஏட்டக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அச்சன்புதூரில் அந்த மீசைக்கார மனிதர் எப்படிச் சமாளிக்கிறாரோ தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை திருவேங்கடத்துப் பெண்ணுக்கு ஜாமீன் கிடைத்தது. உத்தரவு வந்து சேர மேலும் இரண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை சாயங்காலம் அவளை விடுவித்தோம். வாசலில் தங்கை குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் போட்ட, எண்ணெய் வழியத் தலை சீவிய சின்னப் பெண். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இடுப்பில் ஏறிய பிறகு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஏட்டக்காவின் தோளில் இருந்த பட்டையில் அவள் கண் நின்றது.

"எங்கம்மாவும் ஒங்கள மாதிரி இங்கன வேலைதான பாத்தா?" என்று கேட்டாள்.

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாள் குழந்தையிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. தாய் தலையைக் குனிந்தாள். ஏட்டக்கா வாயைத் திறந்தார். இந்தப் பெண்மணி ரோஜாவைக்கூட எண்ணிச் சொல்கிறவராயிற்றே என்று நான் குறுக்கே ஏதாவது பேச வாயெடுத்தேன்.

"ஆமா" என்றார் ஏட்டக்கா. "எங்கூடத்தான் வேலை பாத்தா."

குழந்தை லேசில் விடுகிற ஆளாக இல்லை. அம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்தது. "அப்பம் அம்மாவோட காக்கிச் சேலை எங்க?"

"தொவைக்கப் போட்டிருக்கு."

குழந்தைக்குத் திருப்தி. மூவரும் ரோட்டில் ஏறிப் பஸ் நிறுத்தம் பக்கமாக நடந்தார்கள். ஏட்டக்கா அவர்கள் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே போனார்.

ஐந்து மணிக்கு அன்றைய அறிக்கை ஒப்புதலுக்கு வந்தது. விடுவித்த நேரம், கொடுத்த உடைமைகள், வாங்கிய கையொப்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு பத்தி இருந்தது.

'மாலை 4.12 மணி. விடுவிக்கப்பட்டவரின் மகள், வயது நான்கு, வாசலில் வைத்துக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு முதல் தலைமைக் காவலர் இரண்டு பொய்கள் கூறினார். இரண்டும் தெரிந்தே கூறப்பட்டவை.'

அதற்குக் கீழே தம்பி கேட்டிருந்தான்: 'இப்பகுதி அலுவல் அறிக்கைக்குத் தேவையில்லை எனத் தோன்றுகிறது. நீக்கிவிடலாமா?'

அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை படித்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருந்தது. 'வேண்டாம்' என்று பதில் கொடுத்துவிட்டு ஒப்புதலை அழுத்தினேன்.